வளைபரப்பில் மரத்தகடு: இசைக்கருவித் தொழில் வரலாறும் கலைச்சொல் சிக்கலும்

1. முன்னுரை

ஒரு தொழிலின் கலைச்சொல்லை வேறொரு மொழிக்குக் கொண்டுவரும்போது அச்சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் நோக்குவது போதாது. அச்சொல் குறிக்கும் செயலையும் நோக்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அனைவரும் இதனை ஒப்புவர். ஆயினும் நடைமுறையில் இந்நெறி பலவிடங்களில் கைவிடப்படுகிறது. 'வெனீர்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். விலைமிகுந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்தோ சீவியோ எடுத்து, வேறொரு மரத்தின்மேல் பசையிட்டு ஒட்டுவர். அத்தகட்டின் பெயரே வெனீர் என்பது. இதனைத் தமிழில் 'பூச்சு' என்றும் 'மேற்பூச்சு' என்றும் பெயர்ப்பதுண்டு. கருங்காலித் தகடு ஒட்டப்பட்ட ஒரு கருவியின் கழுத்தைப் பற்றிய தொடர் 'கருங்காலிப் பூச்சுடைய கழுத்து' என்று பெயர்க்கப்படுமானால், படிப்பவர் கருஞ்சாயம் தீட்டிய மரம் ஒன்றையே மனத்தில் கொள்வர்.

இது நடையழகு பற்றிய குறை மட்டுமன்று. அருங்காட்சியகக் குறிப்பொன்றில் 'பூச்சு' எனக் கண்ட பணியாளர் அதனைக் கரைப்பானால் துடைத்தெடுக்கலாம் என்று கருத இடமுண்டு. தகடு எனக் கண்டவரோ, அதன் அடியில் விலங்குத்தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசை உண்டு என்பதையும், அப்பசை வெப்பத்தாலும் ஈரத்தாலும் இளகும் என்பதையும் கருத்திற்கொண்டு செயற்படுவார். ஒரு சொல்லின் தேர்வு ஒரு பொருளின் நலனையே பாதிக்கக்கூடும்.

மேசை, பெட்டி முதலியவற்றின் சமதளப் பரப்பில் மரத்தகடு ஒட்டுவது ஒப்புநோக்க எளிய பணி. இசைக்கருவிகளிலோ கழுத்து உருண்டும், பக்கம் வளைந்தும், பின்புறம் குடம் போலப் புடைத்தும் அமையும். அப்பரப்புகளில் தகட்டை இருத்த முயன்றபோதுதான் அதன் இயல்பு முழுமையாக வெளிப்பட்டது. ஆகவே ஐரோப்பிய இசைக்கருவித் தொழிலில் வளைபரப்பின்மீது மரத்தகடு ஒட்டிய வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது. அவ்வரலாற்றின் அடிப்படையில் தமிழுக்கு ஏற்ற சொல் எதுவெனக் காண முற்படுகிறது.

2. பெயர்களின் வரலாறு

மரத்தகடு ஒட்டும் கலை மிகப் பழமையானது. எகிப்தில் தீப்ஸ் நகரை அடுத்துள்ள ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறையில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியங்கள் உள்ளன. பசைக்கலம் நெருப்பின்மேல் இருக்க, தொழிலாளர் மரத்தகட்டைப் பலகைமேல் ஒட்டும் காட்சி அவற்றுள் ஒன்றாகும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 16ஆம் பகுதியில் இக்கலையைக் குறிப்பிடுகிறார். ஒரு மரத்தைப் பலமுறை விற்பதற்காகவே மெல்லிய தகடுகள் கண்டுபிடிக்கப்பட்டன என்றும், மலிந்த மரத்திற்கு விலையுயர்ந்த மரம் பட்டையாக ஆகிவிட்டது என்றும் அவர் கடிந்துரைக்கிறார். அவர் ஆளும் சொல் 'பிராத்தேயா' என்பது. பொன் முதலிய உலோகங்களின் மெல்லிய தகட்டைக் குறிக்கும் சொல் அது. மரத்தகட்டிற்குத் தனிப்பெயர் இல்லாத நிலையில் பொற்கொல்லர் தொழிலிலிருந்து பெயர் பெறப்பட்டது எனலாம்.

பிற்கால ஐரோப்பிய மொழிகளில் இப்பெயர்கள் பல வழிகளில் தோன்றின. ஸ்பானிய மொழியின் 'சாப்பா' உலோகத் தகட்டிற்கும் மரத்தகட்டிற்கும் பொது. இத்தாலிய மொழியில் தகடு 'பியல்லாச்சோ' எனப்படும். இது 'பியல்லா' என்னும் இழைப்புளியின் பெயரிலிருந்து வந்தது. கருவியின் பெயர் அதனோடு தொடர்புடைய பொருளுக்கு ஆயிற்று. பிரெஞ்சு மொழியின் 'பிளாகாஷ்' ஒட்டுதல், அப்புதல் என்னும் செயலைக் குறிப்பது. ஜெர்மானியரின் 'ஃபூர்னீர்' என்பதோ பிரெஞ்சு மொழியில் வழங்குதல், நிறைவாக்குதல் எனப் பொருள்படும் 'ஃபூர்னிர்' என்னும் வினையிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கடன்பெறப்பட்டது. ஜெர்மன் சொல் ஆங்கிலத்திற் புகுந்து, 'ஃபினீர்', 'ஃபனீர்' போன்ற வடிவங்களில் வழங்கி, 18ஆம் நூற்றாண்டில் 'வெனீர்' என நிலைபெற்றது. பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கும் அதிலிருந்து ஆங்கிலத்திற்கும் சென்ற இச்சொல்லில் மரமும் இல்லை, தகடும் இல்லை. நிறைவாக்குதல் என்னும் கருத்து மட்டுமே அடியில் உள்ளது.

ரஷ்ய மொழியில் நிகழ்ந்த மாற்றம் மொழியியலார் கருதத்தக்கது. அதே ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த 'ஃபனேரா' இன்று பல தகடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகையைக் குறிக்கிறது. தனித்தகட்டிற்கோ, சீவல் எனப் பொருள்படும் 'ஷ்பான்' என்னும் மற்றொரு ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த 'ஷ்போன்' வழங்குகிறது. மூலப்பொருளின் பெயர் அதனாற் செய்யப்பட்ட பொருளுக்கு ஏறிவிட்டமையால் மூலப்பொருளுக்கு வேறு பெயர் தேடவேண்டியதாயிற்று.

ஆங்கிலத்தில் இச்சொல் பெற்ற உருவகப் பொருளும் இங்கு நோக்கத்தக்கது. சார்லஸ் டிக்கன்ஸ் 1864 முதல் 1865 வரை வெளியிட்ட 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' என்னும் புதினத்தில், புதுப்பணம் படைத்து மேனாமினுக்கியாக வாழும் ஒரு குடும்பத்திற்கு 'வெனீரிங்' என்றே பெயரிட்டார். போலிப் பளபளப்பு என்னும் பொருள் அந்நாளில் வாசகர்க்கு எளிதில் விளங்கியது என்பதற்கு இப்பெயரே சான்று. பிளினியின் கண்டனமும் டிக்கன்ஸின் எள்ளலும் ஒரே நோக்கின. இருவரும் தகட்டை உள்ளிருப்பதை மறைக்கும் மூடியாகவே கண்டனர். தமிழில் 'பூச்சு' என்னும் பெயர்ப்பும் இவ்வுருவகப் பொருளிலிருந்தே தொழிற் பொருளுக்குள் நுழைந்தது போலும். இசைக்கருவிப் பட்டறையில் இந்நோக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இனிக் காண்போம்.

3. வளைபரப்பின் இயல்பு

மரத்தகட்டிற்கு இழையோட்டம் உண்டு. இழைகள் உருளையின் நீளவாக்கில் அமையுமாறு தகட்டைச் சுற்றினால் அது எளிதில் வளையும்; ஆனால் இழைகளுக்கு இடையே பிளவுபடும் அச்சமும் உண்டு. இழைகளே வளைவைச் சுற்றி ஓடுமாறு வளைத்தால் தகடு விறைத்து நின்று மீண்டும் நிமிர முயலும். எனவே எந்தத் திசையில் வளைப்பது என்பதே தொழிலாளி முதலில் முடிவுசெய்ய வேண்டியதாகும்.

தகட்டின் தடிமன் பாதியானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆதலின் தடிமனில் ஏற்படும் சிறு குறைவும் வளைவுக்குப் பெரிதும் துணைசெய்யும். கையால் அறுத்த பழைய தகடுகள் ஏறத்தாழ 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. இக்காலத்தில் கத்தியாற் சீவப்படும் தகடுகள் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் அளவின.

வளைவிலும் இருவகை உண்டு. தூண் போன்ற பரப்பு ஒரு திசையில் மட்டும் வளைவது. அதன்மீது சமதளத் தகட்டைச் சுருக்கமின்றிச் சுற்றலாம். குடம் போன்ற பரப்பு இரு திசைகளிலும் வளைவது. அதன்மீது ஒரே தகட்டைப் படியவைத்தல் இயலாது. விளிம்பில் மடிப்பு விழும். அல்லது தகடு கிழியும். இத்தகைய பரப்பைச் சமதளமாக விரிக்கும்போது நீட்டலோ சுருக்கலோ இன்றியமையாதது என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் காவுஸ் 1827இல் தேற்றமாக நிறுவினார். கருவி செய்வோர் அதனைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கையால் அறிந்திருந்தனர்.

பசையின் இயல்பும் முதன்மையானது. வச்சிரப் பசை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீர்மையாக இருந்து, ஆறியவுடன் பாகுபோல் இறுகிப் பற்றும். வளைவில்லாத பரப்பிலும் மென்வளைவிலும், அகன்ற விளிம்புடைய சுத்தியலைத் தகட்டின்மேல் அழுத்தி இழுத்து, மிகுபசையை ஓரத்திற்குத் தள்ளுவர். இதற்குச் சுத்தியல் என்று பெயரிருப்பினும் இதனால் அடிப்பதில்லை. வழிப்பதே இதன் வேலை. பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இதே பெயரே வழங்குவதால், மொழிபெயர்ப்பாளர் 'தகட்டைச் சுத்தியலால் அடித்து' என எழுதிவிடுதல் எளிது. ஆழ்ந்த வளைவாயின் அவ்வளைவுக்கு எதிர்வடிவாகச் செதுக்கிய மரக்கட்டையைச் சூடேற்றி அழுத்துவர். எதிரச்சு என இதனைக் குறிக்கலாம். வடிவு ஒழுங்கற்றிருப்பின் சூடேற்றிய மணற்பை பயன்படும். மணல் பரப்பின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தானே படிந்து, வெப்பத்தையும் காத்துத்தரும்.

4. லூட்டின் கழுத்தும் குடமும்

லூட் என்பது ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெருவழக்காயிருந்த நரம்புக்கருவி. மரம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லே சார்படையுடன் சேர்ந்து 'அல் ஊத்' என வழங்கிப் பின்னர் லூட் ஆயிற்று. ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ஃபூசன் நகரில் லூட் செய்வோர் 1562இல் தமக்கெனத் தொழிற்குழு அமைத்துக்கொண்டனர். இத்தாலியில் பொலோஞா, வெனிஸ், பதுவா ஆகிய நகரங்கள் இத்தொழிலில் பெயர்பெற்றன.

இக்கருவியின் கழுத்தில் வளைபரப்பு வேய்தலின் பயன் தெளிவாகப் புலப்படும். கழுத்து முழுவதையும் கருங்காலியாற் செய்தால் கருவியின் தலைப்பகுதி கனத்துக் கீழே சாயும். உடலோ மிக இலேசானது. மென்மரத்தாற் செய்தால் இடதுகைப் பெருவிரலின் உராய்வுக்கு அது ஈடுகொடாது. ஆகவே இலேசான உள்மரத்தை அரைவட்டமாக இழைத்து, அதன்மேல் கருங்காலி போன்ற வன்மரத்தின் தகட்டைச் சுற்றினர். தகட்டின் உட்புறத்தையும் உள்மரத்தின் மேற்புறத்தையும் பல்வைத்த இழைப்புளியால் சொரசொரப்பாக்குவர். பின்னர்த் தகட்டை நனைத்துச் சுட்ட இரும்பின்மேல் வளைத்துப் பழக்குவர். பசையிட்டபின் துணிநாடாவாலோ கயிற்றாலோ இறுகச் சுற்றி உலரவிடுவர். இங்கு ஒருதிசை வளைவு மட்டுமே உள்ளமையால் தகட்டை நீளவாக்கில் கிழியாமற் படியச்செய்தல் இயலும். சில கழுத்துகளில் தகட்டுப் பட்டைகளுக்கு இடையே தந்தக் கோடுகள் காணப்படும். அவை அழகுக்குரியன, அத்துடன் அகலமான தகட்டைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து, வளைக்கும் பணியையும் எளிதாக்கின.

பழைய வயலின்களின் விரற்பலகையிலும் இம்முறையே காணப்படும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இலேசான மரத்தாலான ஆப்புவடிவ உள்மரத்தின் புடைத்த மேற்பரப்பில் வன்மரத் தகடு ஒட்டுதல் வழக்காயிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கழுத்தின் அமைப்பு மாறியபோது திண்ணிய கருங்காலிப் பலகை அதன் இடத்தைப் பெற்றது. இத்தகடு மலிந்த பொருளை மறைப்பதற்காக இடப்பட்டதன்று. கனத்தையும் தேய்மானத்தையும் ஒருசேர வெல்லும் பொருட்டு இடப்பட்டது என்பது இங்குத் தெளிவு.

லூட்டின் உடல் இருதிசை வளைவுடையது. அதனை ஒரு தகட்டால் மூட இயலாதாகையால் நடுவில் அகன்று இருமுனையிலும் குறுகும் பட்டைகளாக மரத்தை வெட்டினர். ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் போல இப்பட்டைகள் ஓரத்தோடு ஓரம் ஒட்டப்பட்டன. உட்புறத்தில் தாள் அல்லது தோல் நறுக்குகளால் இணைப்புகள் வலுவூட்டப்பட்டன. இப்பட்டைகள் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனின. இவற்றின் அடியில் உள்மரம் ஏதுமில்லை. தகடே உடலாயிற்று. ஆகவே இதனை வெனீர் என ஐரோப்பியர் கூறுவதில்லை. விலா என்றே பெயரிட்டனர். ஆயினும் தகட்டை வளைக்கும் அறிவு இரண்டிற்கும் ஒன்றே.

யூ மரத்தாற் செய்த லூட்டுகளில் ஒவ்வொரு பட்டையும் பாதி செந்நிறமும் பாதி வெண்ணிறமுமாக அமைவதுண்டு. மரத்தின் உள்வயிரமும் வெளிப்பகுதியும் சேரும் எல்லையில் பட்டையை அறுப்பதே இதற்குக் காரணம். அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் பகுத்த தொல்காப்பிய மரபு நமக்குண்டு. காழ், வெளிறு என்னும் பழஞ்சொற்கள் இப்பட்டையின் இருபகுதிகளையும் குறிக்க முற்றிலும் ஏற்றவை. இத்தகைய இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் தேடவேண்டுவதில்லை.

5. ஹார்ப்சிகார்டின் வளைபக்கம்

ஹார்ப்சிகார்ட் என்பது இறகுக்காம்பு முதலியவற்றால் தந்திகளைச் சுண்டும் விசைப்பலகைக் கருவி. உச்சத் தந்திகள் குறுகியும் மந்தரத் தந்திகள் நீண்டும் இருப்பதால் பெட்டியின் ஒருபக்கம் உட்குழிந்து வளைகிறது. 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் பர்க்கட் சூடி (1702–1773), ஜேக்கப் கிர்க்மன் (1710–1792) ஆகிய இருவரின் பட்டறைகள் இத்தொழிலில் முதன்மை பெற்றிருந்தன. அவர்களுடைய கருவிகளில் ஓக் மரத்தாலான பெட்டியின்மேல் முதலில் வால்நட் மரத்தகடும், பின்னர் மகோகனித் தகடும் ஒட்டப்பட்டன.

உட்குழிந்த பரப்பு, புடைத்த பரப்பைவிடக் கடினமானது. புடைத்த பரப்பில் தகடு நிமிர முயன்றால் ஓரங்களே மேலெழும்; கயிற்றால் அவற்றைக் கட்டிவிடலாம். குழிந்த பரப்பில் நடுப்பகுதியே பெயர்ந்து நிற்கும், கட்டுவதற்கு வழியில்லை. எனவே எதிரச்சு இன்றியமையாததாயிற்று. இக்கருவிகளின் தகட்டுக் கட்டங்களைச் சுற்றிக் குறுக்கிழைப் பட்டைகள் காணப்படுகின்றன. இவற்றில் இழைகள் ஓரத்திற்குச் செங்குத்தாக ஓடும். பெட்டியின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஒட்டிச் செல்லும் பட்டைகளில் இழைகள் நிலைக்குத்தாக அமைவதால், அவை வளைவுக்கு இசைந்து எளிதிற் படியும். கண்ணுக்கு அணியாகத் தோன்றும் ஓர் அமைப்பு வளைத்தற்கும் துணைசெய்கிறது.

தகடு ஒட்டப்பட்ட பக்கத்தைப் பசை உலரும்போது தன்பால் இழுக்கும். இதனால் பலகை கோணும். மறுபக்கத்திலும் தகடிட்டு இழுப்பைச் சமன்செய்தல் தொழில் மரபு. மேற்பூச்சு என்னும் சொல் இவ்விழுப்பை உணர்த்துவதில்லை. தகடு உள்மரத்தோடு இழுபறி செய்யும் ஓர் உறுப்பு என்பதை அச்சொல்லால் அறிய இயலாது.

இக்கலையை விரிவாக எழுத்திற் பதிந்தவர்களுள் பாரிஸ் நகரத்து ரூபோ (1739–1791) தலையாயவர். தாமே தச்சராயிருந்த அவர் 1769 முதல் 1775 வரை பல பகுதிகளாக வெளியிட்ட தச்சுக்கலை நூலில், தகடு வேயும் தொழிலுக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. அத்தொழிலாளரைப் பிரெஞ்சியர் 'எபெனீஸ்த்' என்றனர். கருங்காலியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. கருங்காலித் தகட்டை ஆண்டவர் பெயர், பின்னர் எம்மரத் தகட்டை ஆள்பவருக்கும் ஆயிற்று.

6. தகடு சட்டமாதல்

19ஆம் நூற்றாண்டில் தகடு எடுக்கும் முறை மாறியது. மார்க் இசம்பார்ட் புரூனல் 1806இல் இங்கிலாந்தில் மரத்தகடு அறுக்கும் வட்டவாளுக்குக் காப்புரிமை பெற்றார். பேட்டர்சீ என்னுமிடத்தில் இருந்த அவருடைய அறுவை ஆலை 1814இல் தீக்கிரையாயிற்று. எந்திர வாளும் அதனைத் தொடர்ந்து வந்த சீவுகத்தியும் தகட்டை மெல்லிதாகவும் மலிவாகவும் ஆக்கின. மலிவினால் போலிமையும் பெருகியது. டிக்கன்ஸின் எள்ளல் இக்காலத்தில் எழுந்ததில் வியப்பில்லை.

இதே காலத்தில் தகட்டின் மற்றோர் ஆற்றலும் வெளிப்பட்டது. ஜெர்மனியின் பொப்பார்ட் நகரில் மிஷேல் தோனெட் (1796–1871) 1830களில் மரப்பட்டைகளைப் பசையில் வேகவைத்து, அச்சில் வளைத்து நாற்காலி உறுப்புகள் செய்தார். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைக்கும்போது ஒவ்வொன்றும் தனித்து வளையும். பசை உலர்ந்தபின் அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவ இயலாமையால் வளைவு நிலைபெறும். சமதடிமனுள்ள தகடுகளின் ஒட்டாத அடுக்கைவிட ஒட்டிய அடுக்கின் விறைப்பு, தகடுகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிய மடங்கு மிகும் என்பது பொறியியல் கணக்கு.

இந்நெறி பியானோவில் முழுமை பெற்றது. 1853இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட ஸ்டெயின்வே நிறுவனத்தைச் சேர்ந்த தியோடர் ஸ்டெயின்வே, கிராண்ட் பியானோவின் வளைந்த சுற்றுச்சட்டத்தை ஒருசேர வளைக்கும் முறைக்கு 1880இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் வளைபக்கம் பல துண்டுகளை இணைத்தோ, தனிப்பலகையை வளைத்தோ செய்யப்பட்டது. புதிய முறையில் நீண்ட மேப்பிள் மரத்தகடுகள் பசையிட்டு அடுக்கப்பட்டு, இரும்பு அச்சைச் சுற்றி ஒரே மூச்சில் வளைக்கப்படுகின்றன. அந்நிறுவனத்தின் பெரிய அரங்கப் பியானோவில் இவ்வடுக்குகள் 18. தகட்டின் நீளம் ஏறத்தாழ 22 அடி. மேற்கூறிய கணக்கின்படி 18 தகடுகள் ஒட்டப்பட்டபின் 324 மடங்கு விறைப்புப் பெறும். இச்சட்டத்தில் வெளித்தகடு மட்டும் அழகிய மரமாக இருக்கலாம். ஆனால் எது மூடி, எது உடல் என்று பிரித்துக்கூற இயலாது. தகடுகளின் அடுக்கே உடல். போலி மேற்பரப்பு என்று இகழப்பட்ட பொருள் பல தந்திகளின் இழுவிசையைத் தாங்கும் அமைப்பின் பகுதியாயிற்று.

7. இந்தியத் தொடர்பு

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கு மூன்று தொடர்புகள் உண்டு. முதலாவது தட்பவெப்பம் பற்றியது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பியானோக்களில் வச்சிரப் பசை வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் இளகித் தகடுகள் பெயர்ந்தன. ஆதலின் வெப்பநாடுகளுக்கெனத் திண்ணிய தேக்கு அல்லது மகோகனியால் பெட்டி செய்து, திருகாணியும் பித்தளைப் பட்டையும் இட்டு அனுப்பும் வழக்கம் தோன்றியது. பசையாலான ஒரு கலையின் எல்லையை இந்நாட்டுப் பருவமழை காட்டியது எனலாம்.

இரண்டாவது மரம் பற்றியது. மாரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிஸ் நகரில் செல்மர் நிறுவனம் 1932 முதல் செய்த கிதார்களின் பின்புறமும் பக்கமும் ஒட்டடுக்கால் ஆனவை. வெளித்தகடு இந்திய ரோஸ்வுட். தென்னிந்தியக் காடுகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரம் இதுவே. ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'ரோசா மரம்' எனப் பெயர்ப்பது இம்மரத்தை நம் மக்கள் அறியாத ஒன்றாக்கிவிடும். இதைப் போலவே எபனி என்பதைக் கருங்காலி எனும்போதும் விழிப்பு வேண்டும். இலங்கையில் எபனியைக் குறிக்கும் அப்பெயர், தமிழகத்தில் வேலவகையைச் சேர்ந்த மற்றொரு மரத்திற்கும் வழங்குகிறது.

மூன்றாவது சட்டம் பற்றியது. இந்தியா 1976 முதல் உறுப்பினராக உள்ள, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில், அகன்ற இலை மகோகனி தொடர்பாக 2003இல் நடைமுறைக்கு வந்த பதிவு, தடிமரம், அறுத்த மரம், வெனீர்த் தகடு, ஒட்டுப்பலகை ஆகிய நான்கையும் தனித்தனியே எண்ணுகிறது. இவற்றுள் பின்னிரண்டையும் ஒரே சொல்லாற் பெயர்த்தால் விதியில் ஓர் உறுப்பு மறைந்துவிடும். 'பூச்சு' எனப் பெயர்த்தாலோ விதி பொருளற்றதாகும். ரஷ்ய மொழி இரண்டிற்கும் இரு சொற்களை வகுத்துக்கொண்டமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

8. தமிழில் ஏற்ற சொல்

வெனீருக்குத் தமிழ்க் கருவித் தொழிலில் மரபுச்சொல் இல்லாமைக்குக் காரணம் உண்டு. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. குடமும் தண்டியும் தலைப்பகுதியும் ஒரே மரத்தில் அமையின் அது ஏகாண்ட வீணை எனப்படும். இங்கு வளைபரப்பு மரத்தைக் குடைந்து நீக்குவதால் பிறக்கிறது. ஐரோப்பிய லூட்டிலோ அது தகட்டை வளைத்துக் கூட்டுவதால் பிறக்கிறது. ஆதலின் குடைதல், கடைதல், செதுக்குதல் ஆகிய வினைகள் நம்மிடம் செழித்துள்ளன; தகட்டை வளைத்து ஒட்டும் வினைக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. இதனை மொழியின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும் வேறொரு துறையில் ஏற்ற வினை உள்ளது. தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன்வேய்ந்தவன் என்று முதலாம் பராந்தக சோழனைச் சோழர் செப்பேடுகள் கூறும். அங்கு வேய்தல் என்பது ஓலையோ ஓடோ பொற்றகடோ கொண்டு ஒரு கூரையின்மேல் படிய மூடுதலைக் குறிக்கிறது. வேயப்படும் பொருள் திண்மையுடையது. துண்டு துண்டாக அமைவது. கூரையின் வளைவுக்கு ஏற்பப் படிவது. வெயிலையும் மழையையும் தாங்குவது. நீர்மப் பொருளுக்குரிய பூசுதல், உலோக நீருக்குரிய முலாமிடுதல் ஆகியவற்றினின்று இது தெளிவாக வேறுபடுகிறது. தகடு என்னும் சொல் உலோகத்திற்கு உரியதாயிற்றே எனில், இலத்தீன் மொழியும் ஸ்பானிய மொழியும் சென்ற வழியும் அதுவே என்பதை மேலே கண்டோம்.

ஆகவே பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம். ஒட்டப்படாத நிலையில் மரத்தகடு, ஒட்டப்பட்ட நிலையில் வேய்தகடு, செயலைக் குறிக்கத் தகடு வேய்தல், அடியிலுள்ளது உள்மரம், பல தகடுகள் சேர்ந்த வளைசட்டம் அடுக்கொட்டுச் சட்டம், பலகையாயின் ஒட்டுப்பலகை, லூட்டின் உடற்பட்டை விலா. கடைவீதியில் வழங்கும் 'வெனீர்' என்னும் கடன்சொல்லையும் விலக்கவேண்டுவதில்லை. விலைப்பட்டியலிலும் உரையாடலிலும் அதுவே எளிதில் விளங்கும். மேற்பூச்சு என்னும் சொல்லை உருவகப் பொருளுக்கே உரிமையாக்கிவிடலாம். டிக்கன்ஸின் வெனீரிங் குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்க்கு அது பொருத்தமான சொல்லே.

9. முடிவுரை

மரத்தகட்டைச் சமதளத்தில் மட்டும் கண்டவர்கள் அதனை மறைக்கும் பொருளாகக் கருதினர். லூட்டின் கழுத்தில் அது கனத்தைக் குறைத்தது. ஹார்ப்சிகார்டின் வளைபக்கத்தில் இழையின் திசையறிந்து படிந்தது. பியானோவின் சட்டத்தில் உடலாகவே மாறியது. ஐரோப்பிய மொழிகளின் பெயர்கள் இத்தொழிலின் வெவ்வேறு கூறுகளைக் காட்டுகின்றன. எந்தவொரு பெயரும் முழுச்செயலையும் உணர்த்துவதில்லை. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லின் பிற்கால உருவகத்தைப் பின்பற்ற வேண்டுவதில்லை. பட்டறையில் நிகழ்வதைக் கண்டு அதற்கு ஒத்த தமிழ் வினையைத் தேடலாம். கூரை வேய்வோரிடம் இருந்த சொல் இத்தேவையை நிறைவுசெய்கிறது. பிற கைத்தொழில்களின் கலைச்சொற்களையும் இம்முறையில் தொகுத்து ஆராய்ந்தால், அயற்சொல் என ஒதுக்கப்பட்ட பலவற்றிற்கு நம் தொழிலாளர் வழக்கிலேயே விடை கிடைக்கும் எனலாம்.